எம்.எஸ். நோயும் மனச்சோர்வும்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

காலையில் எழுந்ததும் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவாள் அக்கா. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று தெரிந்த இரண்டாம் வருடம் ரேடியோ நின்றுபோனது. "உடம்பு முடியல, பாவம்" என்று விட்டுவிட்டோம். ஏழு மாதம்!

எதையும் நோயின் அசதி என்றே கணக்கில் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. அசதி எம்.எஸ். உள்ள பெரும்பாலானவர்களுக்கு உண்டு. தூக்கக் கேடும் கவனச் சிதறலும் அசதி, மனச்சோர்வு இரண்டிலுமே வரும், குழப்பம் அதனால்தான். பொதுவாக, அசதியில் ஆசை இருக்கும், உடம்பு வராது. மனச்சோர்வில் அந்த ஆசையே வற்றிவிடும். மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். கடந்த 2 வாரமாக மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"இந்த நோய் வந்தா யாருக்குத்தான் மனசு உடையாது?" என்பது ஆறுதலாகத் தோன்றும், சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பதும் இந்தப் பேச்சுதான். எம்.எஸ்.ஸில் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற பாதுகாப்பு உறையைத் தாக்குகிறது. அந்த அழற்சியும் மூளையில் விழும் தழும்புகளும் மனநிலையை நேராகவே பாதிக்கக்கூடும். எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப்பேர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகலாம். நன்றாக நடமாடுபவருக்கும் வரும். "நல்லாத்தானே நடக்கிற" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன்.

எம்.எஸ். அட்டாக், அதாவது அறிகுறிகள் திடீரென மோசமாவது, வரும்போது சில நாள் ஏற்றும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கலாம், எரிச்சலையோ அளவுமீறிய உற்சாகத்தையோ தரலாம். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. காரணமே இல்லாமல் பொங்கும் அழுகையும் சிரிப்பும் வேறு பிரச்சினை, அதற்கு வேறு வைத்தியம்.

எங்கள் அடுத்த தவறு டாக்டர் அறையில் நடந்தது. கால் மரத்துப்போவது பற்றி அத்தான் பத்து நிமிடம் பேசினார். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினாள். மனசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை ஒரு சீட்டில் எழுதி நீட்டினோம். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். பேச்சு சிகிச்சை, மனச்சோர்வு மாத்திரை, தாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி எல்லாமே எம்.எஸ். உள்ளவர்களுக்கும் பலன் தரும்.

எம்.எஸ். உள்ளவர்களிடம் தற்கொலை அபாயம் கூடுதல். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், முளைக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம்.