ஏசி ஒழுகி சுவரில் பூசணமா? பெயிண்டரைக் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில், ஏசிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு வந்தது. பெயிண்டர் வந்து பட்டி வைத்துத் தேய்த்து இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். ஐந்தே வாரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கீறினால் அடியில் ஈரம், கறுப்பு, நனைந்த கோணிச் சாக்கு வாடை. கொடுத்த காசு அத்தனையும் தண்டம்.

தண்ணீர் நிற்பதற்கு முன்பே சுவரில் கை வைத்தோமே, அதுதான் தவறு. அறைக்காற்றில் இருக்கும் ஈரம் ஏசியின் குளிர்ந்த காயிலில் (உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளில்) பட்டுத் தண்ணீராகி, கீழே தட்டில் விழுந்து, பைப் வழியாகத் தானாக இறங்கி வெளியே போக வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால் ஏசி தண்ணீரும் அதிகம். தட்டில் தூசியும் பாசியும் சேர்ந்து கொழகொழவென்று அடைத்துக்கொண்டாலோ, பைப் நடுவில் தொய்ந்து போனாலோ, அது சுவரில்தான் வழியும்.

நம் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் சந்தில் சொட்டினால் பக்கத்து வீட்டோடு சண்டை வரும் என்று, பைப் நுனியை பால்கனியில் ஒரு பக்கெட்டுக்குள் விட்டுவிடுவோம். பக்கெட் நிறைந்து நுனி முங்கிவிட்டால் பைப்பில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சரியாக இறங்காது. நுனி எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும், பக்கெட்டையும் தினமும் கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய தண்ணீரில்தான்.

காயிலில் ஐஸ் கட்டி, அது உருகி ஒழுகினால் உடனே கேஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். ஃபில்டர் அழுக்கானாலும் ஐஸ் கட்டும், முதலில் அதைக் கழுவிப் பாருங்கள். கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது, அதை அடைக்காமல் ஏற்றினால் மறுபடியும் போகும்.

அடுத்தது சுத்தம் செய்யும்போது. காய்ந்த பூசணத்தை ஃபேன் ஓடும்போது பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும், வீசிங் இருக்கும் குழந்தைக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு. குழந்தையை வேறு அறைக்கு அனுப்புங்கள், மெயினில் ஏசி லைனை அணையுங்கள், என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்துத் துடையுங்கள். ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. திட்டு மூன்று அடிக்கு மூன்று அடியைத் தாண்டிவிட்டால் நீங்களே இறங்காதீர்கள், இந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஊறிப்போன ஜிப்சம் போர்டு, பிளைவுட் எல்லாம் துடைத்துச் சரியாகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் காய வைப்பது, எல்லோரும் அவசரப்படும் இடம். நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும், ஆனால் ஊறிய சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை, வெளியில் இருந்தும் ஈரம்தான் வரும். ஒழுகலைச் சரிசெய்த பிறகு ஏசியை, ஈரத்தை இழுக்கும் டிரை மோடில் போட்டு ஃபேனையும் ஓடவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஓதம் இன்னும் உள்ளே இருக்கிறது, பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பீரோவை நகர்த்திப் பார்க்கவும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் பெரிய திட்டு அதன் பின்னால்தான் இருந்தது. அம்மாவின் கூறைப்புடவையை எடுத்தபோது மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் புள்ளி விழுந்திருந்தது, அவர் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். இப்போது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறோம்.