நாய்க்குப் பல் சுத்தமாக இருக்க என்ன கடிக்கக் கொடுக்கலாம்? நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

காலையில் நாய் முகத்துக்கு நேரே வந்து கொட்டாவி விடும்போது நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் அதன் ஈறு கெட ஆரம்பித்திருக்கலாம். எங்கள் வீட்டு மணிக்கு 4 வயது ஆகும்வரை எனக்கு இது தெரியாது, நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் பழைய பித்தளைக் குழாய் மாதிரி பழுப்பேறிக் கிடந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வாங்கிப் பார்த்து, தப்பு செய்து, ஒரு பல்லையும் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாய் கடித்து மெல்லுவதற்கென்று விற்கும் பண்டங்களைக் கடையில் 'சூ' என்பார்கள். நாயை ஏவிவிடவும் சூ, மெல்லக் கொடுப்பதும் சூ. அதில் இயற்கையானவை என்று விற்பவை பெரும்பாலும் உலர்த்திய காது, தோல், தசைநார், குருத்தெலும்பு வகைகள். இயற்கையானது என்றால் ஆபத்தில்லாதது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் வாயைப் பாருங்கள்

நாய் சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம் இதற்கு நல்லது. வாயைப் பிளக்க வேண்டாம், உதட்டின் ஓரத்தைக் கன்னத்துப் பக்கமாக விரலால் மெல்லத் தூக்கினால் போதும். மேல்தாடையின் பின்பக்கத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, கத்தி முனை மாதிரி ஒரு பல் தெரியும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் இருந்தாலும் நமக்கு முக்கியமான சாட்சி இந்தப் பல்தான். எச்சில் சுரப்பியின் குழாய் ஒன்று இதன் பக்கத்தில்தான் திறக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்மேல் வழுவழுவென்று ஒரு படலம் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் தாது உப்புகள் இறங்கி இரண்டு மூன்று நாளிலேயே கல்லாக இறுக ஆரம்பிக்கும். அதுதான் காரை. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது, அதனால் அதற்குச் சொத்தைப் பல் குறைவு, காரை அதிகம்.

பார்த்தபின் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருந்து பல்லில் லேசான மஞ்சள் மட்டும் இருந்தால் சூ வாங்கிக் கொடுக்கலாம். ஈறு ஓரம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, தொட்டால் ரத்தம் வருகிறது, பல் ஆடுகிறது, அல்லது ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்றால் கடைக்குப் போக வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வலிக்கிற வாயில் கெட்டியான எதையும் திணிப்பது பாவம். இறுகிப்போன பழைய காரையை மெல்லக் கொடுக்கும் எந்தத் துண்டும் முழுசாகக் கழற்றாது, அதை மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்வார்கள். நாம் செய்யப்போவது புதிதாகப் படிவதைத் தேய்த்து எடுப்பது மட்டும்தான்.

அந்தப் பல்லை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

2. உங்கள் நாய் எப்படிக் கடிக்கிறது?

இதற்கு ஒரு கேரட் போதும். தடிமனான முழுக் கேரட்டைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பாருங்கள். சில நாய்கள் நக்கி, உருட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கொறிக்கும். சில, இரண்டே கடியில் உடைத்து அப்படியே விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று உங்கள் கையைப் பார்க்கும், லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரியும். இன்னும் சில, எதைக் கொடுத்தாலும் உயிரே போனாலும் சரி என்று முழு பலத்தோடு நொறுக்கும். மணி இந்த மூன்றாவது ரகம்.

கொறிக்கும் நாய்க்கு எதையும் கொஞ்சம் தைரியமாகக் கொடுக்கலாம். விழுங்கும் நாய்க்கு அளவுதான் பிரச்சினை, நொறுக்கும் நாய்க்குக் கடினம்தான் பிரச்சினை. பக், ஷிட்சூ மாதிரி சின்ன முகத்து நாய்களுக்குப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், காரையும் சீக்கிரம் சேரும், அதனால் அவற்றுக்கு மெல்லிய, வளையக்கூடிய துண்டுதான் சரி. பால் பற்கள் விழாத குட்டிக்குக் கெட்டியான எதுவுமே வேண்டாம்.

3. நகச் சோதனை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். துண்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும், அல்லது கையால் வளைத்தால் வளைய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு, இதால் முழங்கால் சில்லில் ஓர் அடி வாங்கச் சம்மதமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நாயின் பல்லுக்கு வெளியே இருக்கும் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, பல இடங்களில் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது.

எனக்கு இது தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் அண்ணன் ஆசையாகக் கொடுத்த நல்லி எலும்பை மணிக்குப் போட்டேன். பச்சை எலும்புதான், வேகவைத்ததுகூட இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், எலும்பு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் கூட்டும்போது தரையில் தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. கழுவிப் பார்த்தால் அது பல்! நான் மேலே சொன்ன அதே பெரிய பல்லின் வெளிப்பக்கம் பட்டையாகப் பெயர்ந்து வந்திருந்தது, வாயில் மிச்சமிருந்த பல்லின் நடுவே கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளி. அது பல்லுக்குள்ளே இருக்கும் நரம்பு. அவன் அன்று இரவும் வழக்கம்போலச் சாப்பிட்டான், வாலையும் ஆட்டினான். நாய்கள் பல்வலியை அப்படித்தான் மறைக்கும். பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே நகச் சோதனையில் தோற்பவை: நல்லி எலும்பு, மாட்டுக் குளம்பு, கொம்பு, மான்கொம்பு. நம் நாட்டு மான்களின் கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாக் பால்கட்டி என்று விலை உயர்த்தி விற்பதும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. நேபாளத்திலும் சிக்கிமிலும் மனிதர்கள் வாயில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் சுவைக்கும் சுர்பிதான் அது. அவர்கள் ஊறவைத்துச் சுவைக்கிறார்கள், நம் நாய் எடுத்த எடுப்பில் கடைவாயில் வைத்து நொறுக்கும். பொறுமையாகக் கொறிக்கும் நாய் என்றால் பரவாயில்லை. கடைசியில் மிஞ்சும் சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடத்துக்குள் சூடாக்கினால் பொரி மாதிரி உப்பிவிடும், நன்றாக ஆறியபின் கொடுக்கலாம்.

அப்புறம், "எங்கள் தாத்தா காலத்தில் எலும்புதானே போட்டார்கள்" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பச்சை மாட்டெலும்பு கொடுத்தால் பல்லில் காரை நன்றாகவே குறைகிறது என்று பிரேசிலில் பீகிள் நாய்களை வைத்து ஆய்வும் செய்திருக்கிறார்கள். சுத்தம் ஆகும் என்பதில் சண்டை இல்லை, பல்லும் போகலாம் என்பதுதான் என் பிரச்சினை. வேகவைத்த எலும்பு எந்த நாய்க்கும் கூடாது. பிரியாணி எலும்பு, சூப் எலும்பு எல்லாம் ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

4. சரி, எதைத்தான் வாங்குவது?

ஆட்டின் அல்லது மாட்டின் உலர்ந்த மூச்சுக்குழல்தான் என் முதல் சிபாரிசு. முழுக்கக் குருத்தெலும்பு, வளைய வளையமாக இருக்கும், கடிக்கும்போது பல் உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் உரசும். நமக்கு வேண்டியதே அந்த உரசல்தான். ஒரே கடியில் உடைந்துபோகும் பண்டத்தால் பல்லுக்கு எந்தப் பயனும் இல்லை, பிஸ்கெட் எலும்பு வடிவத்தில் இருந்தாலும் பிஸ்கெட்தான்.

அடுத்து எருமைக் காது, மாட்டின் தசைநார். இரண்டும் நன்றாக வளையும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். காதை வாங்கும்போது வெளுத்துப்போய்ப் பளிச்சென்று இருப்பதைவிட மங்கிய பழுப்பு நிறத்தில், லேசான வாடையோடு இருப்பதை எடுங்கள். வாடையே இல்லாத உலர்ந்த காது எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும்.

புல்லி ஸ்டிக் என்று நீளக் குச்சியாக விற்பது காளையின் ஆண்குறியை உலர்த்தியது. பல பேர் இது தெரியாமலே வாங்குகிறார்கள், தெரிந்தபின் கையை இரண்டு முறை கழுவுகிறார்கள். நாய்க்கு மிகவும் பிடிக்கும், நார் நாராகப் பிரியும், பல்லுக்கும் நல்லது. ஒரே குறை கலோரி. 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், 6 அங்குலக் குச்சி ஒன்றில் சராசரியாக 88 கலோரி இருந்தது. சின்ன நாய்க்கு அது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு.

உலர்ந்த கோழிக்கால் சின்ன நாய்களுக்குச் சரி, நகத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள். நொறுநொறுவென்று சீக்கிரம் முடிந்துவிடும். பச்சைக் கோழிக் கழுத்தைக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். 2018இல் மெல்போர்ன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பச்சைக் கோழி இறைச்சியில் இருக்கும் ஒரு கிருமியை நாய்களுக்குக் கால்கள் செயலிழக்கும் ஒருவகை நோயோடு தொடர்புபடுத்தியிருக்கிறது. பின்னங்கால் துவண்டு, அது மெல்ல மேலே ஏறும் நோய்.

எல்லாக் கடையிலும் தொங்கும் அந்த வெள்ளை முடிச்சு எலும்பு இருக்கிறதே, அது எலும்பே அல்ல. தோல் பதனிடும் தொழிலில் பிரிக்கும் உள்தோலைச் சுருட்டி உலர்த்தியது. எச்சில் பட்டால் ஊறி, பெரிய வழுக்கல் துண்டாகக் கழன்று, தொண்டையில் அல்லது குடலில் போய் அடைக்கும். விழுங்கும் நாய் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வீட்டில் கிடைக்கும் 'இயற்கை'யும் உண்டு. தேங்காய் மட்டை, சோளக்கதிரின் தக்கை, மாங்கொட்டை மூன்றும் விளையாட்டாகத் தெரியும், ஆனால் நாரும் கொட்டையும் குடலை அடைத்து ஆபரேஷன் வரை கொண்டுபோகும். சைவ வீடாக இருந்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கை விரல் பருமனில் நீளவாக்கில் வெட்டி, வத்தல் போடுவது போல மொட்டை மாடியில் காயவைத்துக் கொடுக்கலாம், காக்கைக்குக் காவல் இருக்க வேண்டும். பல் தேய்வது கொஞ்சம்தான், நாய்க்குப் பொழுது போகும்.

கால்நடைப் பல்நலக் குழு ஒன்று, வி.ஓ.ஹெச்.சி. என்ற பெயரில், சோதனைத் தரவைப் பார்த்துச் சில தயாரிப்புகளுக்கு முத்திரை கொடுக்கிறது. முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம். நான் மேலே சொன்ன காது, மூச்சுக்குழல் வகைகளில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

5. அளவு

நாயின் மூக்கு நுனியிலிருந்து கண் வரை எவ்வளவு நீளமோ அதைவிட நீளமாக இருக்க வேண்டும். முழுசாக வாய்க்குள் போகும் எதுவும் தொண்டைக்குள்ளும் போகும். சந்தேகமாக இருந்தால் பெரியதையே எடுங்கள், மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. கொடுக்கும் முறை

வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், பசியில் கொடுத்தால் விழுங்கத்தான் பார்க்கும். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது கணக்கில் வராது, நல்லி எலும்பு அன்று நானும் பக்கத்தில்தான் இருந்தேன். விழுங்கும் நாயாக இருந்தால் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொண்டு, இடது கடைவாய், வலது கடைவாய் என்று மாற்றி மாற்றிக் கடிக்கவிடலாம். இதில் இன்னொரு லாபம், இரண்டு பக்கமும் தேய்கிறது.

துண்டு சின்னதாகிவிட்டால் பிடுங்காதீர்கள். ஒரு சின்ன வேகவைத்த கோழித்துண்டை மூக்குக்கு நேரே காட்டி, நாய் வாயில் இருப்பதைக் கீழே போட்டதும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பழக்கினால் அடுத்த முறை உங்களைப் பார்த்ததுமே அவசரமாக விழுங்கும். கலோரியையும் பாருங்கள், தீனி வகை எல்லாம் சேர்த்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. முதல் தடவை 5 நிமிடத்தோடு நிறுத்தி, மறுநாள் மலம் இளகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். கடைசியாக உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உலர்ந்த இறைச்சிப் பண்டங்களிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

பாதி மென்ற துண்டை அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் மழைக்காலத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை பூத்துவிடும். கழுவி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி, எறும்பு ஏறாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

7. ஒரு மாதம் கழித்து

அதே பல்லை அதே வெளிச்சத்தில் மறுபடி போட்டோ எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். கடைவாயில் மஞ்சள் குறைந்திருக்கும், முன்பற்களிலும் கோரைப் பற்களிலும் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் நாய் மெல்லுவதே கடைவாயில்தான். அங்கே பிரஷ்தான் வேலை செய்யும். ஈறுக்கு அடியிலும் எந்தத் துண்டும் போகாது. மென்மையான குழந்தை பிரஷ், நாய்களுக்கென்று விற்கும் பேஸ்ட் இரண்டும் போதும். நம்முடைய பேஸ்ட் வேண்டாம், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு விஷம். மணிக்கு இப்போது வாரத்தில் நான்கு நாள் பிரஷ், மூன்று நாள் மூச்சுக்குழல். பிரஷைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் வெளியே வந்துவிடுவான்.