முகம் யாருடையது? சமத்துவப் போராட்டப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழில் துணையாசிரியராக இருந்தேன். திருநங்கைகள் கல்லூரியில் சேர்ந்து படிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம்தான் இருந்தது, படம் வரவில்லை. பழைய படங்களைத் துழாவியதில் கூவாகம் திருவிழாவில் எடுத்த ஒன்று கிடைத்தது. வெள்ளைப் புடவை, கலைந்த கூந்தல், பொட்டு அழிந்த நெற்றி, அழுது வீங்கிய முகம். கீழே 'கோப்புப்படம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

இதழ் வெளிவந்த நாலாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு போன். "அந்தப் படத்துல அழறது நான்தாங்க. அன்னைக்கு அழுதேன், சரி. காலேஜுல சேர்ந்த செய்திக்கு நான் எதுக்குங்க அழணும்?" என்று கேட்டார் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இதழில் திருத்தம் போட ஆசிரியர் குழு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

பெண்ணுரிமை, தன்பாலீர்ப்பாளர் உரிமை, திருநர் உரிமை பற்றிய படங்களை எடுப்பவர்களும் வெளியிடுபவர்களும் பகிர்பவர்களும் செய்யும் தவறுகளை அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இடத்தில் வந்து முட்டின: படத்தில் இருப்பவரின் முகத்தை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது.

படம் பொய் சொல்லாது என்று நம்புவது

இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடிய காலம். 1914 மார்ச்சில் மேரி ரிச்சர்ட்சன் என்ற போராளி, லண்டன் நேஷனல் கேலரியில் இருந்த வெலாஸ்க்வெஸ் ஓவியத்தைக் கத்தியால் கிழித்தார். போராளிகளை அடையாளம் கண்டு உள்ளே விடாமல் தடுக்க, அவர்களின் படங்கள் கொண்ட தாள்கள் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பப்பட்டன. அதில் ஒருவர் ஈவ்லின் மனெஸ்டா. சிறையில் கேமராவுக்கு முகம் காட்ட மறுத்தவர் அவர். அதனால் பின்னால் ஒருவர் அவர் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து நிமிர்த்த, படம் எடுத்தார்கள். சுற்றுக்கு விடப்பட்ட பிரதியில் அந்தக் கை இல்லை. அதை அழித்து, கழுத்தில் துணி சுற்றியிருப்பதுபோல் வரைந்துவிட்டார்கள். இரண்டு பிரதிகளும் இன்றைக்கும் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. துணி சுற்றிய பிரதியை மட்டும் பார்ப்பவருக்கு, முறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்தான் தெரிவார். அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணம் படத்திலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது.

இன்று தூரிகை வேண்டாம், கிராப் செய்தாலே போதும். போலீஸ்காரரின் கை ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டால், கத்துகிற ஒரு பெண் மட்டும் மிஞ்சுவார். போராட்டப் படத்தை வெட்டும்போது, ஓரத்தில் இருக்கும் கை யாருடையது, அது என்ன செய்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

தலைப்பு படத்தை விழுங்குவது

பெண்ணியவாதிகள் என்றால் உள்ளாடையை எரித்தவர்கள் என்று இன்றும் பட்டிமன்ற மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். 1968 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டியை எதிர்த்துப் பெண்கள் கூடினார்கள். 'விடுதலைக் குப்பைத்தொட்டி' என்று ஒன்றை வைத்து, ஹை ஹீல்ஸ், ஒட்டு இமை, பிரா, தரை துடைக்கும் துடைப்பம் என்று பெண்களைக் கட்டிப்போடுவதாக அவர்கள் நினைத்ததையெல்லாம் அதில் வீசினார்கள். கூடிய இடம் கடற்கரையோர மரப்பலகை நடைபாதை. நெருப்பு வைக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது, அன்று எதுவும் எரிக்கப்படவில்லை.

அப்புறம் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? நியூயார்க் போஸ்ட் நிருபர் லிண்ட்ஸி வான் கெல்டர் ஒரு பெண். இந்தப் போராட்டத்தை யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்ற அக்கறையில், வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் ராணுவ அழைப்பு அட்டையை எரித்ததோடு ஒப்பிட்டு எழுதினார். 'பிரா எரிப்பவர்கள்' என்று தலைப்பு வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்ன ஒப்புமை ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் அந்தப் பெண்களைத் துரத்துகிறது. தொட்டியைச் சுற்றிப் பெண்கள் நிற்கும் படங்கள் இருக்கின்றன. அவற்றில் தீ இல்லை. ஆனாலும் தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர்கள் தீயைப் பார்த்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இதே மாதிரிதான் ஸ்டோன்வால் படங்களும். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடிவந்த ஸ்டோன்வால் மதுவிடுதியில் 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் சோதனை போட்டபோது உள்ளே இருந்தவர்களும் தெருவில் இருந்தவர்களும் திருப்பி எதிர்த்தார்கள். அந்த முதல் இரவைக் காட்டுவதாக இதுவரை தெரியவந்திருப்பது ஒரே ஒரு படம். ஜோசப் அம்ப்ரோசினி எடுத்தது, மறுநாள் டெய்லி நியூஸில் வந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வாட்ஸாப்பிலும் முகநூலிலும் 'ஸ்டோன்வால், 1969' என்று வருபவற்றில் பல, அதற்கு அடுத்த ஆண்டுகளின் பேரணிப் படங்கள். முதல் கல்லை எறிந்தவர் போராளி மார்ஷா பி. ஜான்சன் என்ற வரியும் கூடவே வரும். தான் போய்ச் சேர்வதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆண்டையும் இடத்தையும் சரிபார்க்க முடியாத படத்துக்கு ஆண்டு போடாதீர்கள். போராடியவர்களுக்கு நாம் சேர்த்துவிடும் கட்டுக்கதை தேவைப்படவில்லை.

முகம் காட்டாததைக் கோழைத்தனம் என்று படிப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்காவில் லெஸ்பியன் பெண்களுக்காக 'தி லேடர்' என்றொரு இதழ் 1956 முதல் வந்தது. முதலில் அட்டையில் ஓவியங்கள்தான். பார்பரா கிட்டிங்ஸ் ஆசிரியரான பிறகு, அவரது இணையர் கே லஹூசன் புகைப்படங்களைக் கொண்டுவந்தார். நிஜப் பெண்களை அட்டையில் போட வேண்டும் என்பது லஹூசனின் பிடிவாதம். யார் வருவார்கள்? வேலை போய்விடும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள். அதனால் முதலில் முதுகு காட்டியும், கறுப்புக் கண்ணாடி போட்டும் வந்தார்கள். 1966 ஜனவரி இதழில் லில்லி வின்சென்ஸ் என்ற பெண் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்து சேர இதழுக்குக் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் ஆயின. லஹூசன் 1965-ல் எடுத்த மறியல் படங்களையும் பாருங்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்து, அலுவலகத்துக்குப் போகிறவர்கள்போல வெள்ளை மாளிகை முன் வரிசையாக நடக்கிறார்கள். இவ்வளவு அடக்கமாக இருக்கிறார்களே, இது என்ன போராட்டம் என்று தோன்றும். பதாகைக்கு மேலே மூடாத முகத்தோடு நடந்ததுதான் அங்கே போராட்டம்.

நம் நாட்டில் சுனில் குப்தா 1980-களின் பிற்பகுதியில் டெல்லியில் எடுத்த 'எக்ஸைல்ஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் என்று எல்லாருக்கும் தெரிந்த இடங்களில் தன்பாலீர்ப்பு ஆண்கள். பல படங்களில் முகம் திரும்பியிருக்கிறது, அல்லது தெரியவில்லை. இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், ஆனால் யாரென்று சொல்ல முடியாத நிலை என்பதை அந்த முதுகுகளே சொல்லிவிடுகின்றன. படத்தில் இருந்தவர்களோடு பேசி, அவர்கள் சம்மதித்த அளவுக்கு எடுத்த படங்கள் அவை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பர் 7 அன்று, அதே டெல்லியில் ரீகல் தியேட்டர் வாசலில் மெழுகுவத்தி ஏந்திய கூட்டத்துக்கு நடுவில் 'இந்தியன் அண்ட் லெஸ்பியன்' என்று எழுதிய அட்டை உயர்ந்தது. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' திரைப்படம் ஓடிய தியேட்டர்களைத் தாக்கியதை எதிர்த்த கூட்டம் அது. அட்டையைப் பிடித்தவர்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன.

முதுகு காட்டியவர்களைவிட அட்டை பிடித்தவர்கள் துணிச்சல்காரர்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவரவருக்கு எவ்வளவு முடியும் என்பதை அவரவர்தான் அறிவார். டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று, தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயது வந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ந்தது. அப்படியென்றால் 2010-ல் தைரியமாக முகம் காட்டிய ஒருவரின் படம், 2014-ல் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடக்கூடிய பொருள். படம் அதேதான். அதைச் சுற்றியிருந்த சட்டம் மாறிவிட்டது.

சம்மதத்தை ஒரே கேள்வியில் முடித்துக்கொள்வது

சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது. 'பிரைடு' என்ற சொல்லுக்குப் 'பெருமை' என்று போடாமல் 'சுயமரியாதை' என்று போட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே போகும் இளம் புகைப்படக்காரர்களிடம் நான் சொல்வது: "போட்டோ எடுத்துக்கலாமா?" என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பத்திரிகை, இணையத்திலும் வருமா, பெயர் போடுவீர்களா, பிறகு வேறு செய்திக்கும் பயன்படுத்துவீர்களா என்பதையெல்லாம் சொல்லிக் கேளுங்கள். பேரணிக்குத் தலையாட்டியவர் தமிழ்ப் பத்திரிகைக்குத் தலையாட்டியிருக்க மாட்டார். ஆங்கிலப் பத்திரிகையில் வந்தால் ஊரில் யாருக்கும் தெரியாது, தினசரித் தமிழ்த் தாளில் வந்தால் டீக்கடையில் அப்பா பார்ப்பார்.

பின்னால் நிற்பவர்களையும் பாருங்கள். நீங்கள் கேட்டது முன்னால் இருப்பவரை மட்டும்தான். முகத்தை மறைக்க வேண்டியிருந்தால் முழுவதுமாக மறையுங்கள். கண்ணில் மட்டும் கறுப்புப் பட்டை போட்டால் தெரிந்தவர்களுக்கு ஆள் தெரியும், தெரியாதவர்களுக்குக் குற்றவாளிபோலத் தெரியும். பச்சை குத்தியிருப்பது, பள்ளி அடையாள அட்டை, வண்டி எண் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு நாள் படத்தை வருடம் முழுக்க ஓட்டுவது

கூவாகத்துக்குத் திரும்ப வருகிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தேரோட்டத்துக்குப் பிறகு தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைப்பார்கள். கேமராக்கள் குவிகின்றன, படங்கள் அற்புதமாக வருகின்றன. பிறகு அந்தப் படங்கள் ரேஷன் கார்டு செய்திக்கும், நீதிமன்றத் தீர்ப்புக்கும், சில நேரம் வழிப்பறி வழக்குக்கும் ஒட்டப்படுகின்றன.

வழிப்பறிச் செய்திக்கு அடையாளம் தெரியாத ஒரு திருநங்கையின் கோப்புப்படத்தைப் போடுவது, உங்கள் அக்காவின் கல்யாணப் படத்தைத் திருட்டுச் செய்திக்குப் போடுவதற்குச் சமம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். மேடையில் அவர் அரைமண்டியில் நிற்கும் படங்கள் இருக்கின்றன. அலுவலகத்தில், வகுப்பில், சமையலறையில் இருக்கும் திருநங்கைகளைப் போய் எடுத்தால் படம் கிடைக்கும். போவதில்லை, அவ்வளவுதான்.

தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றிய செய்திக்குத் திருநங்கை படத்தைப் போடுவதும் இதோடு சேர்ந்ததே. இரண்டும் வேறு வேறு. ஒன்று யார் மீது ஈர்ப்பு என்பது, மற்றொன்று தான் யார் என்பது. திருநம்பிகளின் படமோ அநேகமாக எங்குமே வருவதில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் ஒரு மனிதரைப் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பாளர்', 'பால்புதுமையர்' என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடர் வலியுறுத்தலால் தமிழ்நாடு அரசே 2022 ஆகஸ்டில் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது. 'ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய' என்ற தொடரும், பழைய பெயரும், முன்னும் பின்னுமாக இரண்டு படங்களும் எந்தச் செய்திக்கும் தேவைப்படுவதில்லை.

துயரத்தை மட்டும் பார்ப்பது

அமெரிக்காவின் ஓஹியோவில் டேவிட் கர்பி என்ற தன்பாலீர்ப்பு உரிமைப் போராளி 1990-ல், 32 வயதில் எய்ட்ஸால் இறந்துகொண்டிருந்தார். தந்தை அவர் தலையை அணைத்திருக்கும் படத்தை தெரேஸ் ஃப்ரேர் என்ற மாணவி எடுத்தார். அந்த நவம்பரில் லைஃப் இதழில் வந்தது, 1992-ல் பெனட்டன் ஆடை நிறுவனம் வண்ணமேற்றி விளம்பரமாக்கியது. விளம்பரத்தைக் கண்டித்தவர்கள் ஏராளம். டேவிட்டின் பெற்றோர் சம்மதித்தே கொடுத்திருந்தார்கள், தங்கள் மகனை உலகம் பார்க்கட்டும் என்று. இந்தச் சம்மதத்தை விட்டுவிட்டு அந்த விளம்பரத்தைப் பற்றி எழுதுவது பாதிக் கதைதான்.

பலரும் தவறவிடுவது இன்னொன்று. டேவிட் இருந்த எய்ட்ஸ் நோயாளிகள் இல்லத்தில் ஃப்ரேர் படமெடுத்துவந்தது பீட்டா என்ற பராமரிப்பாளரை. ஆண், பெண் என்ற கோட்டில் எந்தப் பக்கமும் முழுதாக நிற்காதவர். பிறகு பீட்டாவும் எய்ட்ஸால் படுத்தபோது, டேவிட்டைக் கவனித்துக்கொண்டவர் என்பதற்காக டேவிட்டின் பெற்றோரே அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படங்களும் இருக்கின்றன. உலகம் மரணப் படுக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

கேமராவுக்கு முன்னால் மட்டும் தேடுவது

மும்பை ரயில்களில் கைநீட்டிச் சேர்த்த பணத்தில் கேமரா வாங்கியவர் ஸோயா தாமஸ் லோபோ. திருநங்கை, பத்திரிகைப் புகைப்படக்காரர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய முகத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். அவர் எடுத்ததைப் போடுங்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஸோயா அங்கே கேமராவோடு நின்றார். அவர் படங்களில் இருந்தவர்கள், சொந்த ஊருக்குப் போக ரயில் கேட்ட கூலித் தொழிலாளர்கள்.