டயோரைட்டா, கேப்ரோவா? குழம்பாமல் பெயர் வைக்கும் முறை

‘பிரித்தறிதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது டயோரைட் என்ற பாறையின் பெயர். வைத்தவர் பிரெஞ்சு கனிமவியலாளர் ரெனே ஜுஸ்ட் ஹாயுய். அதிலுள்ள வெளிர் ஃபெல்ஸ்பார், கறுப்பு ஹார்ன்பிளெண்ட் என்ற இரு கனிமங்களும் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிவதால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், இதைக் கேப்ரோ என்ற இன்னொரு பாறையிலிருந்து பிரிப்பதற்குள்தான் போதும் போதுமென்றாகிவிடும். கேப்ரோ என்பது இத்தாலியின் டஸ்கனியில் உள்ள ஒரு சிற்றூர். பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் லியோபோல்ட் ஃபொன் புக்.

இரண்டுமே பூமிக்கடியில் மெல்ல ஆறிய பாறைகள். கேப்ரோ, பசால்ட் மாக்மா (எரிமலை வழியே வந்தால் பசால்ட் பாறையாகும் குழம்பு) ஆழத்தில் உறைந்தது. கடலடி மேலோட்டின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் இதுதான். டயோரைட்டில் சிலிக்கா கூடுதல். ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களில் அதிகம் கிடைக்கும். எரிமலை வழியே வெளியே வந்திருந்தால் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறை ஆகியிருக்கும்.

முதலில் புதிதாக உடைத்த முகத்தை 10 மடங்கு ஹேண்ட் லென்ஸில் பாருங்கள். மழை வெயில் பட்ட மேற்பரப்பை நம்ப வேண்டாம். கறுப்புக் கனிமத்தின் பிளவுகள் 56°, 124° கோணத்தில் வெட்டினால் ஹார்ன்பிளெண்ட். கிட்டத்தட்ட 90° என்றால் பைராக்சீன் என்ற வேறு கருங்கனிமம். முன்னது டயோரைட்டையும் பின்னது கேப்ரோவையும் நோக்கிக் கைகாட்டும். தீர்ப்பு அல்ல, ஹார்ன்பிளெண்ட் கேப்ரோவும் உண்டு. நிறத்தை வைத்து முடிவு கட்டுவது அதைவிட மோசம்.

அடுத்து, ஒளி ஊடுருவும் அளவு பாறையை மெல்லியதாகத் தேய்த்த தின் செக்‌ஷனில் 500 புள்ளிகளிலாவது எந்தக் கனிமம் இருக்கிறது என்று எண்ணுங்கள். குவார்ட்ஸ் 3%, கார ஃபெல்ஸ்பார் 2%, பிளேஜியோகிளேஸ் (சோடியம்-கால்சியம் ஃபெல்ஸ்பார்) 50%, கருங்கனிமங்கள் 45% என்று வைத்துக்கொள்வோம். ‘குவார்ட்ஸ் 5 சதவீதத்துக்குக் கீழேதானே, வெறும் டயோரைட்டோ கேப்ரோவோதான்’ என்று நினைத்தால் தவறு. கருங்கனிமங்களைக் கழித்துவிட்டு மீதி 55-ஐ 100 ஆக்க வேண்டும். 3/55 என்றால் 5.5%. எனவே இது வெறும் டயோரைட்டோ கேப்ரோவோ அல்ல; குவார்ட்ஸ் டயோரைட் அல்லது குவார்ட்ஸ் கேப்ரோ. பலர் சறுக்குவது இங்கேதான்.

பாறையியலாளர் ஸ்ட்ரெக்கைசன், குவார்ட்ஸும் இரு ஃபெல்ஸ்பார்களும் உள்ள விகிதத்தை வைத்து வகுத்த முக்கோணத்தில் டயோரைட்டும் கேப்ரோவும் ஒரே கட்டத்தில்தான் விழும். பிரிப்பது பிளேஜியோகிளேஸின் அனார்த்தைட் (கால்சியம் மிகுந்த கூறு) அளவு: சராசரி 50%-க்கு மேல் கேப்ரோ, கீழே டயோரைட்.

அதைத் துருவ நுண்ணோக்கியில், இரு துருவத் தகடுகளையும் குறுக்காக வைத்து அளக்க, ஆல்பைட் இரட்டைக் கோடுகள் (இரட்டைப் படிகமாக வளர்ந்ததால் தெரியும் இணைப் பட்டைகள்) கூர்மையாகத் தெரியும் பிளேஜியோகிளேஸ் மணியைத் தேர்ந்தெடுங்கள். கோடுகளை வடக்கு-தெற்காக நிறுத்தும்போது இரு பட்டைகளும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மேடையை வலப்புறம் சுழற்றி ஒரு பட்டை இருளும் கோணத்தையும், இடப்புறம் சுழற்றி மற்றது இருளும் கோணத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5°-க்குள் இருந்தால் சராசரி எடுங்கள். மிஞ்சினால் அந்த மணியை விட்டுவிடுங்கள். இப்படிப் பத்து மணிகள்.

கவனம்: பத்துக்கும் சராசரி போடக் கூடாது, மிகப் பெரிய கோணம்தான் விடை. சாய்வாக வெட்டுப்பட்ட மணிகள் குறைந்த கோணத்தையே காட்டும். சராசரி போட்டால் கேப்ரோவும் டயோரைட்டாகிவிடும். உச்சக் கோணம் ஏறத்தாழ 28°-ஐத் தாண்டினால் கேப்ரோ. 18°-க்குக் கீழே வந்தால் ஆல்பைட்டாகவும் (சோடியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ்) இருக்கலாம். ஒளிவிலகல் எண்ணையும் பார்த்துவிடுங்கள். மணியின் நடுவும் விளிம்பும் வேறு வேறு நேரத்தில் இருண்டால் மண்டலங்கள் (அனார்த்தைட் அளவு மாறும் அடுக்குகள்) இருக்கின்றன என்று பொருள். டயோரைட்டில் இது சகஜம். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

பழைய நூல்களின் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எகிப்திய மன்னர் காஃப்ரேயின் புகழ்பெற்ற சிலையை டயோரைட் என்றே எழுதிவந்தார்கள். அந்தக் கல் உருமாறிய நைஸ் வகை. கல் வியாபாரத்தில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கப்படுவதில் கேப்ரோவும் அடக்கம்.