கை இறுகிவிட்டதென்று அமத்தி உருவாதீர்கள்: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடித்து, தெல்லிப்பளையிலோ மகரகமவிலோ கதிர்ச் சிகிச்சையும் எடுத்து, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பும் பெண்கள் பலருக்கு அடுத்த கஷ்டம் கைதான். தலை இழுக்க முடியாது, கொடியில் உடுப்புப் போட முடியாது, கமக்கட்டு இறுகிக் கிடக்கும். உடனே நல்லெண்ணெய்ப் போத்தல் வரும். "நல்லா அமத்தி உருவிவிட்டால் இளகிவிடும்" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

சுளுக்குக்கு உருவும் கை வேறு, இதற்கு வேண்டிய கை வேறு. கமக்கட்டில் நிணநீர்க் கணுக்களை (உடம்பின் நீர் வடிந்து போகும் வழியிலுள்ள சிறு முடிச்சுகளை) எடுத்திருந்தால் அந்தக் கையில் நிணநீர் வடிவது ஏற்கெனவே குறைந்திருக்கும். பலமாக உருவினால் வீக்கம் கூடலாம். வீக்கத்தை வடிக்கப் பயிற்சி பெற்றவர் செய்யும் மசாஜைப் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும்: தோலை மெல்ல இழுத்து விடுவார், தசையை அழுத்தமாட்டார். கதிர் பட்ட இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே இழையங்கள் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்தும் இறுகலாம், விலா எலும்பும் பலம் குறைந்திருக்கலாம். முறிவு நெரிவுக்குப் புக்கை கட்டுபவரிடம் போய்த் தோளை இழுத்துத் திருப்புவிக்கவே வேண்டாம். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எலும்பு முறியவும் கூடும்.

தழும்பில் கை வைப்பதற்கும் காலம் உண்டு. காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு, வைத்தியர் சொன்னால் தொடங்கலாம். கதிர்ச் சிகிச்சை நடக்கும் நாட்களில் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெயும் பூசக் கூடாது. தொடங்கியதும் இரண்டு விரல் நுனிகளைத் தழும்பில் வையுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, விரலோடு தோலும் சேர்ந்து நகர வேண்டும். மேலும் கீழும், பக்கவாட்டில், பிறகு சிறு வட்டமாக. ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாளும் செய்ய வேண்டும். இழுவை தெரியலாம், நோகக் கூடாது. தழும்பு ஒரு வருடத்துக்கு மேலும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு மாதத்தில் கைவிடாதீர்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாரங்களில் கையைத் தூக்கும்போது கமக்கட்டிலிருந்து முழங்கை வரை முறுக்கின நூல் மாதிரி ஒன்று தோலுக்கடியில் புடைக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து கையை மடக்கி வைத்திருப்பது ஒரு தவறு, "இழுத்து அறுத்துவிட்டால் சரி" என்பது அதைவிடப் பெரிய தவறு. கிளினிக்கில் காட்டுங்கள். மென்மையான நீட்டற் பயிற்சியோடு பெரும்பாலும் சில மாதங்களில் இளகும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டு வையுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கதிர் பட்ட இடமும் சத்திரசிகிச்சை செய்த பக்கமும் மரத்திருக்கலாம். அப்படியானால் உப்பு ஒத்தடம், நொச்சி ஒத்தடம் சுட்டாலும் தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். சூடு வேண்டாம்.

வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர் எடுத்தவர்களுக்குத் தாடை இறுகும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று நம்மிடம் குறைவில்லை. வாய் திறபடவில்லை என்று கஞ்சிக்கு மாறிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக வாயில் வைக்க முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள். கரண்டியால் நெம்பித் திறக்க வேண்டாம், அதற்கென்று படிப்படியான பயிற்சி இருக்கிறது.

வன்னியில் மறக்கக் கூடாத ஒன்று: 2009 போரின் செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்கிறவர்கள் இங்கே பலர். தோளிலோ நெஞ்சிலோ முதுகிலோ துண்டு இருந்தால் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அனுப்பும்போதும் கட்டாயம் சொல்லுங்கள்.

கை திடீரென வீங்கினால், சிவந்து சுட்டால், காய்ச்சல் வந்தால், புதிய கட்டியோ விடாத எலும்பு நோவோ இருந்தால் மசாஜ், பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

கிளினிக்கில் வாய்விட்டுக் கேட்டு இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்குப் போகத் துண்டு எழுதி வாங்குங்கள். போகும்போது டயக்னோசிஸ் காட்டையும் (நோயும் சிகிச்சையும் எழுதிய ஆஸ்பத்திரி அட்டையை) கொண்டு போங்கள். எந்தப் பக்கம் கணு எடுத்தது, எங்கே கதிர் வைத்தது என்று தெரியாமல் யாரும் உங்கள் தோளைத் தொட விடாதீர்கள்.