செல்லாத ஓட்டுக்காக வழக்குப் போடுமுன்: கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வழிகாட்டி

கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஐந்து, பத்து ஓட்டில் தோற்பவர்களில் பலர் நல்ல வழக்கை எண்ணிக்கை மேசையிலேயே தொலைத்துவிடுகிறார்கள். செல்லாது என்று தள்ளிய சீட்டுக்காக வாய் ஓயாமல் சண்டை நடக்கும். எழுத்தில் ஒரு வரி இருக்காது. பின்னால் விசாரணையில் முதலில் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

ஆகவே எண்ணும் இடத்துக்குப் போகும்போதே வெள்ளைத்தாளும் கார்பனும் கையில் இருக்கட்டும். ஒரு சீட்டைத் தள்ளினால் மேசை எண், நேரம், தள்ளியதற்குச் சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறித்து, தேர்தல் அலுவலரிடம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையும் எழுதி, உடன் இருக்கும் முகவர் இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் செய்யுங்கள். தள்ளிய சீட்டுகளைத் தனிக்கட்டாகக் கட்டி முத்திரையிடச் சொல்லுங்கள். மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவு அறிவிக்கும் முன்பே, காரணத்தோடு மனு கொடுக்க வேண்டும். அறிவித்துக் கையெழுத்தும் போட்டபின் தேர்தல் அலுவலர் கை வைக்க முடியாது.

அடுத்தது கணக்கு. வக்கீலிடம் போகும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். வென்றவர் 312, நீங்கள் 305, தள்ளியவை 19 என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு விழுந்த 5 சீட்டைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள்" என்று மனுப் போட்டால், ஐந்தும் கிடைத்தாலும் 310தான். மனு அங்கேயே விழும். ஏழு கிடைத்தால் சமநிலை, வழக்கமாகக் குலுக்கல்தான். குறைந்தது எட்டுச் சீட்டைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல முடிய வேண்டும். அல்லது அவருக்கு எண்ணியவற்றில் எத்தனை செல்லாதவை என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒரே சீட்டில் பல நிர்வாகக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஓட்டு வித்தியாசத்தை முதலிடம் வந்தவரோடு ஒப்பிடாதீர்கள். நீங்கள் நின்ற பிரிவில் (பொது, பெண்கள் என்பது போல) வென்றவர்களில் கடைசி ஆளோடுதான் ஒப்பிட வேண்டும். இட எண்ணிக்கைக்கு மேல் குத்தியிருந்தால் சீட்டு போய்விடும். குறைவாகக் குத்தியதற்கு என்ன விதி என்பதை உங்கள் சங்கத் தேர்தல் விதியில் பாருங்கள்.

சீட்டுத் தகராறில் அதிகம் வருவது மடிப்புக் கறை. மை காயாமல் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வேட்பாளர் பெயருக்கு நேரேயும் ஒரு குறி பதியும். "இரண்டு பேருக்குக் குத்தியிருக்கிறார்" என்று அதைத் தள்ளிவிடுவார்கள். சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பாருங்கள். இரண்டு குறியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால், ஒன்று மற்றதன் நிழல். எது அசல்? அம்புமுனைச் சுழல் முத்திரையானால் (சுழல்வதுபோல ஒரே பக்கம் திரும்பிய கைகள் உள்ள ஓட்டு முத்திரை) அதன் கைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்தால் போதும்; நிழலில் திசை மாறியிருக்கும், மையும் வெளிறியிருக்கும். பெருக்கல் குறி திருப்பினாலும் ஒரே மாதிரி இருப்பதால் அங்கே மையின் அழுத்தம் ஒன்றே சான்று. இந்தச் சோதனையை எண்ணும் அலுவலர் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும். கையெழுத்து, பெயர், கைநாட்டு போல ஓட்டுப் போட்டவரை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கும் சீட்டுக்காகப் போராடாதீர்கள்.

எங்கே போவது? தமிழ்நாட்டுச் சங்கமானால் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் பிரிவு 90இன்படி கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம். பிரிவு 156 உரிமையியல் நீதிமன்றக் கதவை மூடிவிடுகிறது. முடிவு வெளியாகும் முன் தேர்தல் தகராறை எழுப்ப முடியாது. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் (நீதிப்பேராணை) மனு கொண்டுபோனாலும், தேர்தல் தொடங்கிய பின் இடையில் தலையிடுவதில்லை என்று 1952இல் நாமக்கல் தேர்தல் அலுவலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமானால் அதற்கான 2002ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 84இன் நடுவர் விசாரணை. கெடு முடிவு அறிவித்த நாளிலிருந்து ஒரு மாதம். மாநிலச் சங்கமானாலும் அந்த ஒரு மாதத்தையே கெடுவாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மனுவோடு சேர்த்து, வாக்குச்சீட்டு, அடிக்கட்டை (சீட்டைக் கிழித்தபின் புத்தகத்தில் எஞ்சும் பகுதி), வாக்காளர் பட்டியல் எதையும் அழிக்கக் கூடாது என்று இடைக்கால மனுவும் போடுங்கள். இதை மறந்தால், பாதுகாப்புக் காலம் முடிந்ததும் சீட்டுகளை அழித்துவிடுவார்கள். அப்புறம் வழக்கு இருக்கும், சான்று இருக்காது.

மனுவில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில் கஞ்சத்தனம் கூடாது. தேர்தல் அலுவலரையும் சங்கத்தையும் மட்டும் சேர்த்துவிட்டு, நீங்கள் ஜெயித்தால் பதவி போகப்போகிற ஆளை விட்டுவிட்டால் அந்த ஒரு குறையே மனுவைக் கவிழ்க்கும்.

எண்ணிக்கையில் முறைகேடு என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. எந்த மேசை, எத்தனை சீட்டு, என்ன காரணம், யார் ஆட்சேபித்தார், எப்போது என்பதெல்லாம் வேண்டும். பெட்டியைத் திறந்தால் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் திறக்கவிட மாட்டார்கள். ஓட்டின் ரகசியம் அதைவிடப் பெரிது. 1989இல் தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: மறு எண்ணிக்கையில் முடிவு மாறியது என்பதற்காக அந்த மறு எண்ணிக்கை உத்தரவு சரியாகிவிடாது, உத்தரவிடும் நேரத்திலேயே போதிய காரணம் இருந்திருக்க வேண்டும். கூட்டுறவு வழக்குகளிலும் எதிர்த்தரப்பு இதையே நீட்டும்.

திறக்க உத்தரவு கிடைத்தால் முதலில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று இரு தரப்பும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தகராறுச் சீட்டுகளுக்கு மட்டும் எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முடிவும் காரணமும் எழுதச் சொல்லுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் எழுதிய உத்தரவை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 152இன்படி கூட்டுறவுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடாக எதிர்த்து வாதாடுவதும் கடினம், காப்பாற்றுவதும் கடினம். வேலை முடிந்ததும் சீட்டுகளைத் திரும்பக் கட்டி முத்திரையிட்டு, மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அப்படியே வைத்திருக்க எழுத்தில் உத்தரவு வாங்கிவிடுங்கள்.