லேசர்க் கற்றை எங்கே குவியும்? விரிதாளில் நாமே கணிப்போம்

பொருள் 500 மில்லிமீற்றரில், வில்லையின் குவியத் தூரம் 100 மில்லிமீற்றர் என்றால் விம்பம் 125 மில்லிமீற்றரில் விழும். உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். மட்டக்களப்பில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் லேசருக்கும் இதையே போட்டு, 125இல் திரையை வைத்துவிட்டுப் புள்ளி ஏன் கூர்மையாக இல்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை காண எக்செல் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கல்க் இருந்தாலும் சரி.

புதிய விரிதாளைத் திறவுங்கள். ஏ நிரலில் பெயர்களையும் பி நிரலில் எண்களையும் எழுதுவோம். கலங்களின் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். எல்லா நீளங்களும் மில்லிமீற்றரில்தான்.

பி1 அலைநீளம். ஹீலியம் நியோன் லேசருக்கு 632.8 நானோமீற்றர், அதாவது 0.0006328.

பி2 கற்றையின் இடை ஆரை. கற்றை மிக ஒடுங்கி நிற்கும் இடமே இடை. அது லேசரின் வாயிலில் இருப்பதாகக் கொள்வோம். இங்கே நிதானம் தேவை: லேசருடன் வரும் தாளில் பெரும்பாலும் விட்டத்தையே அச்சிட்டிருப்பார்கள். 0.8 என்று இருந்தால் நீங்கள் எழுத வேண்டியது 0.4. விட்டத்தை அப்படியே போட்டால் அடுத்த கலத்தின் விடை நான்கு மடங்காகிவிடும். நான் ஒருமுறை அப்படிப் போட்டு ஒரு முழு மாலையை இழந்தேன்.

பி3 ராலே தூரம்:
=3.1416*பி2^2/பி1

794.3 வரவேண்டும். இவ்வளவு தூரம் போனதும் கற்றையின் ஆரை 1.41 மடங்காகிறது. அதன் பிறகு விரிவு வேகமெடுக்கும்.

பி4இல் இடையிலிருந்து வில்லைக்கு உள்ள தூரம் 500, பி5இல் குவியத் தூரம் 100. இனி மூன்று சூத்திரங்கள்:

பி6: =பி5/((பி4-பி5)^2+பி3^2)^0.5
பி7: =பி2*பி6
பி8: =பி5+பி6^2*(பி4-பி5)

பி7 புதிய இடையின் ஆரை: 0.045. பி8 வில்லையிலிருந்து அது இருக்கும் தூரம்: 105.06. 125 அல்ல! பள்ளிச் சூத்திரம் ஒரு புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கானது. லேசர்க் கற்றை ராலே தூரத்துக்குள் ஏறத்தாழச் சமாந்தரமாகவே செல்வதால், குவியும் இடம் குவியத் தூரத்துக்கு அருகிலேயே நிற்கிறது. பி3இல் 0 என்று எழுதிப் பாருங்கள், பி8இல் 125 தானாக வரும். பார்த்ததும் சூத்திரத்தை மீண்டும் எழுதிவிடுங்கள்.

திரையை 125இல் வைத்தால் புள்ளி 2.2 மடங்கு பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் கண்டது அதைத்தான்.

அடுத்தது தூரத்துக் கற்றை. ஏ12இல் தூரத்தை எழுதி, பி12இல்:
=$பி$2*(1+(ஏ12/$பி$3)^2)^0.5

டொலர் குறிகளை விடாதீர்கள். அவை இருந்தால்தான் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பி2, பி3 இடம் மாறாது. ஏ நிரலில் தூரங்களை அடுக்கி, சூத்திரத்தை இழுத்து, வரைபடமும் போட்டுக்கொள்ளலாம்.

வாவியின் குறுக்கே 300 மீற்றர் என்று வைத்து ஏ12இல் 300000 எழுதுங்கள். இதைத் தாளில் மட்டும் செய்யுங்கள். கண்கள் இருக்கும் திசையில் லேசரை ஒருபோதும் பிடிக்க வேண்டாம். ஆரை 151 மில்லிமீற்றர், விட்டம் 30 சென்ரிமீற்றர். ஒரு சிறிய சுளகின் அகலம்.

இப்போது பி2இல் 0.4ஐ 4 ஆக்குங்கள். பத்து மடங்கு தடித்த கற்றையுடன் புறப்பட்டால், அதே 300 மீற்றரில் விட்டம் 3.1 சென்ரிமீற்றர்தான். தொலைவுக்கு லேசரை அனுப்புவோர் முதலில் கற்றையை விரித்துக்கொள்வது இதனால்தான்.